மேகக் கடலில் ஒரு தீவு... கேமராவோடு கிளம்பலாமா?

செமஸ்டர் லீவு விட்டாச்சு. கிளாஸ் குரூப்பில் வழக்கமான பட்டிமன்றம் ஆரம்பம். "அந்தமான் போலாம்டா... ஆமை, பவளப்பாறை, நீலக் கடல்னு போட்டோ போட்டே ஊரைக் கலக்கிடலாம்!" என்று ஒரு குரல் எழும். ஃப்ளைட் டிக்கெட் விலையைப் பார்த்ததும் அதே குரல், "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் மச்சி..." என்று சுருதி இறங்கும்.

கவலையை விடுங்க பாஸ். நம்ம தேனி மாவட்டத்திலேயே ஒரு தீவு இருக்கு. கடல் மட்டத்துக்கு ரெண்டு கிலோமீட்டர் மேலே! அலை உண்டு, கரை உண்டு, வேறெங்கும் பார்க்க முடியாத உயிர்களும் உண்டு. அங்கே போக கப்பல் வேண்டாம். போடிநாயக்கனூர் வரைக்கும் ஒரு ரயில், அப்புறம் ஒரு ஜீப். அவ்வளவுதான்.

மதுரையிலிருந்து போடிக்கு ஓடிக்கொண்டிருந்த பழைய மீட்டர்கேஜ் ரயில், அகலப்பாதை வேலைக்காக 2010 கடைசியில் நின்றுபோனது. பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் காக்க வைத்து, 2023 ஜூனில் திரும்ப வந்தது. சென்னையிலிருந்தே இப்போது போடிக்கு நேரடி ரயில் இருக்கு. இறங்கினதும் மூக்கை ஏலக்காய் வாசம் பிடித்து இழுக்கும். மலையில் விளைகிற ஏலக்காய் ஏலத்துக்கு வந்து சேரும் ஊராச்சே!

போடியிலிருந்து மேற்கே போனால் முந்தல். அங்கே ரோடு ரெண்டாகப் பிரியும். ஒன்று ஊசிக்கொண்டை வளைவுகளில் ஏறி போடிமெட்டு வழியாகக் கேரளாவுக்கு. இன்னொன்று குரங்கணிக்கு. கொட்டகுடி ஆறு சலசலக்க, மா, தென்னை, காபி, மிளகு என்று பச்சை கட்டி நிற்கும் அடிவார ஊர். தலையை அண்ணாந்து பார்த்தால் ஒரு பக்கம் டாப் ஸ்டேஷன், இன்னொரு பக்கம் கொழுக்குமலை.

டாப் ஸ்டேஷனா... ரயில் எங்கேன்னு தேடாதீங்க. இருந்தது! 1902-ல் மூணாறிலிருந்து ஒற்றைத் தண்டவாள வண்டி ஒன்று தேயிலை சுமந்துகொண்டு இங்கே வந்தது. 1908-ல் அதைக் குட்டி ரயிலாக மாற்றினார்கள். இங்கிருந்து ரோப்வேயில் தேயிலைப் பெட்டிகள் கீழே கொட்டகுடிக்கு இறங்கும். அதனால்தான் மேலே டாப் ஸ்டேஷன், கீழே பாட்டம் ஸ்டேஷன், நடுவில் சென்ட்ரல். 1924-ம் வருஷ பெருவெள்ளம் ரயிலை அடித்துக்கொண்டு போனது. பேர் மட்டும் மலையிலேயே தங்கிவிட்டது.

தீவு எப்படி வந்தது?

இப்போ நம்ம தீவுக்கு வருவோம். கொழுக்குமலை இருப்பது தமிழ்நாட்டில். ஆனால் ஜீப் ரோடு இருப்பது கேரளாவில்! போடிமெட்டு, பூப்பாறை, சூரியநெல்லி என்று சுற்றிப் போய், அங்கிருந்து எலும்பெல்லாம் இடம் மாறுகிற மாதிரி ஒரு ஜீப் பயணம். விடிவதற்கு முன்னாலேயே கிளம்பினால்தான் சூரிய உதயத்தைப் பிடிக்க முடியும். மேலே தேயிலைத் தோட்டம், பழைய தேயிலை ஃபேக்டரி, அதையும் தாண்டி 2,640 மீட்டர் உயர மீசைப்புலிமலை.

கிழக்குப் பக்கம் எட்டிப் பார்த்தால்... கடல்! போடி, தேனி எல்லாம் காணோம். பஞ்சு மாதிரி வெள்ளை மேகம் கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் நிரம்பிக் கிடக்கும். நடுநடுவே மலை முகடுகள் மட்டும் தீவு தீவாகத் தலை நீட்டும். மேகம் பாறைச் சரிவில் மோதி, மடிந்து, திரும்ப உருளும். அசல் கடற்கரைதான்... உப்புக் காற்று ஒன்றுதான் பாக்கி.

இதில் மந்திரம் எதுவும் இல்லை. இரவில் மலைச்சரிவு குளிர்ந்து, கனமான குளிர்காற்று கீழே பள்ளத்தாக்கில் போய்த் தேங்கும். அதன் மேல் வெதுவெதுப்பான காற்று மூடி போட்ட மாதிரி உட்கார்ந்துகொள்ளும். மூடிக்குக் கீழே உள்ள ஈரம் மேகமாகிறது. நாம் மூடிக்கு மேலே நிற்கிறோம். வெயில் ஏறினால் மூடி உடையும், மேகம் மேலே கிளம்பி நம்மையே விழுங்கும். அதனால் அந்த 'கடல்' போட்டோவுக்கு உங்களுக்குக் கிடைப்பது காலையில் கொஞ்ச நேரம்தான்.

சரி, போட்டோவுக்குத் தீவு மாதிரி இருக்கு. நிஜமாவே தீவா? ஆமாம். விஞ்ஞானிகளே இந்த மலை உச்சிகளை 'வானத் தீவு' என்றுதான் சொல்கிறார்கள். ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் ஏறும்போதும் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். போடியில் ஃபேன் போட்டும் தூக்கம் வராத நாளில், மேலே ஸ்வெட்டர் இல்லாமல் நிற்க முடியாது. அந்தக் குளிருக்கென்றே அமைந்த காடு ஒன்று மேலே இருக்கு. பள்ளத்தாக்கின் மடிப்புகளில் குட்டையான மரங்கள் நெருங்கி நிற்கும் சோலை. அதைச் சுற்றி மொட்டை மலைமேல் புல்வெளி. சோலையும் புல்லும் சந்திக்கிற ஓரம் அப்படியே கத்தியால் கீறிய கோடு மாதிரி இருக்கும். அதுதான் இந்தத் தீவுக்குள்ளே இருக்கும் இன்னொரு கடற்கரை.

குடியிருப்போர் பட்டியல்

சோலைக்குள் இருட்டான தரையில் தத்தித் தத்திப் போகும் ஒரு நீலக் குருவி. ஆங்கிலத்தில் அதன் பேரே 'ஷோலாகிளி'. 2017-ல் இந்திய விஞ்ஞானிகள் இடம்பெற்ற குழு ஒன்று இந்தக் குருவிகளின் மரபணுவை ஆராய்ந்து, இவை உலகில் வேறெந்தப் பறவை இனத்தோடும் சேராத தனிக் கும்பல் என்று கண்டுபிடித்தது. புதுசாக வைத்த அறிவியல் பேர், 'ஷோலிகோலா'. சோலையில் குடியிருப்பது என்று அர்த்தம். நம்ம 'சோலை' உலகப் பேராகிடுச்சு!

ஊட்டியில் இருப்பது ஒரு வகை. பழனிமலை, மூணாறு பக்கம் இருப்பது வேறு வகை. தெற்கே அகத்தியமலைப் பக்கம் இன்னொரு வகை. ஒரே மாதிரி தெரிகிற குருவி ஏன் இப்படிப் பிரிந்தது? நடுவில் பாலக்காட்டுக் கணவாய், செங்கோட்டைக் கணவாய் என்று மலை இறங்கிவிடுகிற இடைவெளிகள் இருக்கு. நமக்கு அது பஸ்ஸில் ஒரு தூக்கம். குளிர் சோலையை விட்டு வராத குருவிக்கோ, அந்தச் சூடான சமவெளி ஒரு மகா சமுத்திரம். லட்சக்கணக்கான வருஷமாகத் தாண்டவில்லை. தனித்தனித் தீவில் தனித்தனியாக வளர்ந்துவிட்டது. சிரிப்பது போலவே கூவும் 'சிரிப்பான்' பறவைகளுக்கும் இதே கதைதான்.

அடுத்து ஹீரோ. பாறை விளிம்பில் ஸ்டைலாக நிற்கும் வரையாடு. தமிழ்நாட்டின் மாநில விலங்கு. வயசான கிடாயின் முதுகில் வெள்ளிச் சேணம் போட்ட மாதிரி ஒரு பட்டை இருக்கும். இந்தப் பூமியிலேயே மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில், தமிழ்நாட்டிலும் கேரளாவிலும் மட்டும்தான் இது உண்டு. 2025-ல் ரெண்டு மாநிலமும் சேர்ந்து எடுத்த கணக்கெடுப்பில் மொத்தம் 2,668. யோசிச்சுப் பாருங்க... உங்க காலேஜ் ஸ்ட்ரெங்த்தைவிடக் குறைவாக இருக்கலாம்.

பிறகு குறிஞ்சி. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மலையையே நீலமாக்கும் செடி. 1994, 2006, 2018 என்று பூத்தது. அடுத்து 2030. இன்றைக்கு ஃபர்ஸ்ட் இயர் படிக்கிறவர், வேலைக்குப் போய் லீவு போட்டுவிட்டு வந்துதான் பார்க்கணும்!

இவங்களுக்கெல்லாம் ஒரு பொது விஷயம்... இங்கே பிடிக்கலைன்னா வேற ஊருக்குப் போய்க்கிறேன் என்று சொல்ல முடியாது. தீவில் குடியிருப்பவருக்குப் போக்கிடம் இல்லை. ஆக, விலகிப் போக வேண்டியவர் யார்? வந்திருக்கிற நாம்தான். கையில் கேமரா இருந்தால் இந்த விதி இன்னும் கறார்.

ஒரு கிளிக் என்ன செய்யும்?

'போட்டோதானே எடுக்கிறோம், சுட்டா தள்ளுறோம்?' என்று கேட்கலாம். மூன்று சம்பவம் சொல்கிறேன்.

ஒன்று... உடம்பெல்லாம் கறுப்பு, அதன் மேல் நட்சத்திரம் தெளித்த மாதிரி வெளிர்நீலப் புள்ளிகள். விரல் நுனி அளவுதான் இருக்கும் 'கேலக்ஸி தவளை'. மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே உள்ள அரிய உயிர். விழுந்து மட்கிய மரக்கட்டைக்கு அடியில் ஈரத்தில் வாழும். கேரளக் காட்டில் ஓர் ஆராய்ச்சியாளர் 2020-ல் பார்த்து வைத்திருந்த ஏழு தவளைகள், திரும்பப் போனபோது இல்லை. கட்டைகள் புரண்டு கிடந்தன. செடிகள் மிதிபட்டுக் கிடந்தன. விசாரித்தால், போட்டோ எடுக்க வந்த கூட்டங்கள் கட்டைகளைப் புரட்டிப் புரட்டித் தேடியிருக்கின்றன, தவளைகளைக் கையில் எடுத்து வசதியான இடத்தில் உட்கார வைத்துப் படம் பிடித்திருக்கின்றன. இந்த விவரம் 2025 டிசம்பரில் வெளியானது. அந்தப் படங்கள் எவ்வளவு அழகாக வந்திருந்தாலும், படத்தில் இருந்தவை இப்போது அங்கே இல்லை.

ரெண்டு... மூணாறு அருகே ராஜமலையில் இருவர் வரையாட்டின் கொம்பைப் பிடித்துக்கொண்டு போஸ் கொடுத்தார்கள். கைது! வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உச்சபட்சப் பாதுகாப்பு உள்ள விலங்கு அது. குட்டி போடும் காலத்தில் தொந்தரவு கூடாது என்று, இரவிகுளம் தேசியப் பூங்காவையே வருஷா வருஷம் பிப்ரவரி, மார்ச்சில் மூடி வைக்கிறார்கள்.

மூன்று... அரிக்கொம்பனை ஞாபகம் இருக்கா? கொழுக்குமலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் சின்னக்கானல்தான் அதன் ஊர். 2023 ஏப்ரலில் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, பெரியாறு காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். மே கடைசியில் அது கம்பம் ஊருக்குள்ளேயே வந்துவிட்டது. ஊரடங்கு மாதிரி தடை உத்தரவு. களைத்துப்போன யானை தோப்பில் ஒதுங்கி நின்றால், வீடியோ எடுக்க டிரோனைப் பறக்கவிட்டார் ஒரு யூடியூபர். மிரண்ட யானை மறுபடியும் ஓட, டிரோன் விட்டவர் மேல் வழக்கு. ஜூனில் அதை மறுபடி பிடித்து களக்காடு முண்டந்துறை பக்கம் கொண்டுபோனார்கள். மிரண்ட யானை எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்குத் தெரியும்?

2018 மார்ச் 11

குரங்கணி என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது இந்தத் தேதிதான். அதைப் பேசாமல் இந்த மலையைப் பற்றி எழுத முடியாது.

சென்னையிலிருந்து ஒரு குழு, ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்து ஒரு குழு. நிறைய பேர் இளைஞர்கள், அதிலும் பெண்கள் அதிகம். கொழுக்குமலையில் தங்கிவிட்டு குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். மதியத்துக்கு மேல், ஒத்தமரம் பகுதியில் காட்டுத்தீ அவர்களைச் சூழ்ந்தது. ஆளுயரக் காய்ந்த புல், செங்குத்தான சரிவு, சுழன்றடிக்கும் காற்று. முதலில் ஓடி ஏறியவர்கள் குரங்கணி, போடி மக்கள்தான். பாதி வெந்த உடம்புகளைப் போர்வையில் தூக்கி இறக்கினார்கள். மறுநாள் விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. சிகிச்சை பலனின்றி ஒவ்வொருவராகப் போக, கடைசியில் இறந்தவர்கள் 23 பேர்.

டாப் ஸ்டேஷன் பாதைக்குத்தான் அனுமதி, கொழுக்குமலைப் பாதைக்கு இல்லை என்று வனத்துறை சொன்னது. விசாரணை நடந்தது. அதே வருஷம் மலையேற்றத்துக்கென்று தமிழ்நாடு அரசு தனி விதிகளைக் கொண்டுவந்தது.

ஒரு விஷயத்தை மட்டும் மனசில் ஆழமாக எழுதி வைத்துக்கொள்ளுங்க. தீ கீழ்நோக்கி மெதுவாகவும் மேல்நோக்கி வேகமாகவும் ஓடும். கீழே எரிகிற நெருப்பின் அனல் மேலே உள்ள புல்லை முன்கூட்டியே காய்ச்சி வைத்துவிடும். பகலில் காற்றும் சரிவில் மேல்நோக்கித்தான் வீசும். மனிதர் எவரும் மேட்டில் நெருப்பை முந்தி ஓட முடியாது. வரையாட்டுக்குப் போக்கிடம் இல்லாத அதே சரிவில், காய்ந்த மார்ச் மாதத்தில், நமக்கும் போக்கிடம் இல்லை. 'ஒரு நல்ல வியூ கிடைக்கும்' என்று பாதையை விட்டு புல்லுக்குள் இறங்கும்போது இது ஞாபகம் வரணும்.

எப்படிப் போகலாம்?

போகவே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. முறையாகப் போங்க. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று வனத்துறையே 40 பாதைகளைத் திறந்தது. குரங்கணி - சாம்பலாறு பாதை அதில் ஒன்று. இணையதளத்தில் பதிவு செய்தால், அந்தந்தப் பகுதியைச் சேர்ந்த, பயிற்சி பெற்ற வழிகாட்டிகள் கூட வருவார்கள். எந்தப் புல் எப்போது காயும், காட்டுமாடு எந்தப் பக்கம் தண்ணிக்கு வரும் என்பதெல்லாம் அவங்களுக்கு அத்துப்படி. தீக்காலத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள். 'மூடியிருக்கு' என்று போட்டிருந்தால் மூடியிருக்குதான். குறுக்கு வழி காட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த டிசம்பர், ஜனவரி போட்டோவுக்கு அருமையான காலம். காற்று கழுவிவிட்ட மாதிரி இருக்கும், புல்லும் பச்சையாக இருக்கும்.

கேமரா பெருசு வேணுமா? மா.கிருஷ்ணன் என்று ஒருவர் இருந்தார். நாவலாசிரியர் அ.மாதவையாவின் மகன். இந்தியக் காட்டுயிர் போட்டோகிராபிக்கு முன்னோடி. பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே கட்டிய ஒரு கேமராவுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று குறும்பாகப் பேர் வைத்திருந்தார். கறுப்பு வெள்ளைதான் எடுப்பார். காட்டில் நடந்தும் யானை மேல் உட்கார்ந்தும் எடுத்தார். 1970-ல் பத்மஸ்ரீ. 1996-ல் மறையும் வரை எழுதிக்கொண்டே இருந்தார். மிருகம் என்ன செய்கிறது, எந்த இடத்தில் வாழ்கிறது என்பதைக் காட்டுவதுதான் அவருக்கு முக்கியம். முகத்தை மட்டும் பெருசாக எடுப்பதைவிட, பாறை, பனி, பள்ளத்தாக்கு எல்லாம் தெரிய ஓரமாக ஒரு வரையாடு நிற்கும் படம் அதிகம் பேசும். அதற்கு உங்க செல்போனே போதும்!

பையில் போட்டுக்க சில டிப்ஸ்

* பனிமூட்டத்தைப் பார்த்தால் கேமரா ஏமாந்துபோய் படத்தை மங்கலாக்கும். வெளிச்சத்தை ஒரு ஸ்டெப் கூட்டுங்க. போனில் திரையைத் தொட்டு மேலே தள்ளினால் போதும்.

* வரையாட்டுக்கும் பாறை விளிம்புக்கும் நடுவில் நிற்காதீங்க. ஆபத்து என்றால் அது ஓடுவது பாறைக்குத்தான். அந்த வழியை அடைத்தால் மிரண்டு எங்கேயாவது பாயும்.

* மேய்வதை நிறுத்திவிட்டு உங்களையே பார்க்குதா? ரொம்பக் கிட்டே வந்துட்டீங்க என்று அர்த்தம். ரெண்டடி பின்னாடி போங்க.

* போனில் பறவையின் குரலைப் போட்டுக் கூப்பிடாதீங்க. எதிரி வந்துட்டான்னு நினைச்சு அது கூட்டை விட்டு வரும். முட்டை அங்கே குளிர்ந்துகொண்டிருக்கும்.

* கட்டை, கல் எதையும் புரட்டாதீங்க. அது யாரோ ஒருத்தரின் வீட்டுக் கூரை.

* பிஸ்கட், சிப்ஸ் போட்டுக் குரங்கை வரவழைத்து எடுக்கும் படம் காட்டுயிர்ப் படம் ஆகாது. அதுக்குக் கெடுதலும்கூட.

* அரிய உயிரைப் படமெடுத்தால் இடத்தின் பேரை, ஜிபிஎஸ் விவரத்தை எடுத்துவிட்டுப் போடுங்க. 'தேனி மலைகள்' என்றால் போதும். அடுத்த கூட்டம் கட்டையைப் புரட்ட வராது.

* சிகரெட், தீப்பெட்டி, கேம்ப் ஃபயர்... நோ சான்ஸ். 23 பேரின் மலை இது.

* மேலே சிக்னல் வந்து வந்து போகும். எந்தப் பாதை, எப்போது திரும்புவோம் என்பதை வீட்டில் சொல்லிட்டுக் கிளம்புங்க.

நல்ல படம் கிடைக்காமல் திரும்பி வந்தாலும் ஒன்றும் குறைஞ்சுபோகாது பாஸ். சோலைக்குள்ளே இருந்து ஷோலாகிளி விசிலடிக்கும், ஆள் கண்ணுக்கே படாது. மேகக் கடல் அன்றைக்குப் பார்த்து லீவு போட்டிருக்கும். வரையாடு ஒரு புள்ளியாகத் தெரிந்து மறையும். 2030-ல் குறிஞ்சி பூக்கும்போது மறுபடி ஏறுவீங்க இல்லையா? அப்போதும் அந்தப் புள்ளி அங்கே பாறை மேல் நின்றுகொண்டு இருந்தால், இந்த லீவில் நீங்க ஒழுங்காகத்தான் போட்டோ எடுத்திருக்கீங்க!